கடலுக்குப் போகும் காவிரி வீணல்ல

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் திறக்கப்படும் ஆண்டுகளில் ஒரு புலம்பல் தவறாமல் எழுகிறது. முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்ட வெள்ளம் இத்தனை டி.எம்.சி., அத்தனையும் கடலில் வீணாகக் கலந்துவிட்டது என்று நாளேடுகள் கணக்குப் போடுகின்றன. எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைக் குறை சொல்கிறது; ஆளுங்கட்சி புதிய கதவணைகளையும் நதிநீர் இணைப்பையும் அறிவிக்கிறது. ஆட்சி மாறினாலும் இந்தப் பேச்சு மாறுவதில்லை. 2018-லும் 2022-லும் 2024-லும் இதையே கேட்டோம். விவசாயச் சங்கங்களும் பொறியாளர்களும் தொலைக்காட்சி விவாதங்களும் ஒரே குரலில் சொல்வதால், இது விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகவே ஆகிவிட்டது. இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு என்பது என் வாதம். ஆற்றில் ஓடுவது தண்ணீர் மட்டும்தான் என்ற எண்ணத்தில் பிறந்த தவறு இது. ஆறு தண்ணீரோடு மணலையும் வண்டலையும் சுமந்து செல்கிறது. அந்த மண் கடலோரம்வரை போய்ச் சேர்ந்ததால்தான் தஞ்சைத் தரணி என்ற நிலமே உண்டானது. அது போய்ச் சேராவிட்டால் அந்த நிலம் நிலைக்காது.

நிலத்தின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும். அரியலூர் வட்டாரத்தில் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகளும், சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் அந்த இடம் கடலுக்கடியில் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரமும் அந்தக் காலத்தது. நிலத்திலிருந்து அடித்துவரப்பட்டுக் கடல் வண்டலில் புதைந்தது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை அடையாளம் கண்டார். பெருங்கண்டம் உடைந்து இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது இந்தக் கிழக்குக் கரையில் நிலம் பிளந்து பள்ளமானது. மேற்கிலிருந்த மேட்டு நிலத்தை அரித்துக் கொண்டுவந்த மண்ணால் ஆறுகள் அந்தப் பள்ளத்தைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிரப்பின. நிலவியலாளர்கள் காவிரிப் படுகை என்று சொல்வது, கிலோமீட்டர் கணக்கான ஆழத்துக்கு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் இந்த வண்டலைத்தான். நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் அதிலிருந்துதான். இன்னும் பெரிய சான்று வங்கக் கடலின் அடியிலேயே இருக்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து கொண்டுவந்து கொட்டிய மண் அங்கே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் 16 கிலோமீட்டர் தடிமனுக்குப் படிந்திருக்கிறது. அந்த மண்ணோடு இலைதழைகளின் கரியும் புதைந்து, காற்றுமண்டலத்துக்குத் திரும்பாமல் பூமிக்குள் தங்கிவிடுகிறது. மலையின் மண்ணைக் கடலில் சேர்ப்பது ஆற்றின் தலையாய தொழில். இந்தப் பூமியின் தட்பவெப்பம்கூட அந்தத் தொழிலோடு பின்னிப் பிணைந்தது.

இன்று நாம் நெல் விளைவிக்கும் டெல்டாவோ மிக இளையது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகி, கடல் ஏறி, அந்த ஏற்றம் தணிந்த பிறகே ஆறுகள் கழிமுகத்தில் மண்ணைக் குவித்து நிலம் கட்டத் தொடங்கின. உலகெங்கும் உள்ள டெல்டாக்களை ஒப்பிட்ட டேனியல் ஸ்டான்லி, ஆண்ட்ரூ வார்ன் இருவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் பெரும்பாலானவை 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முன்புதான் உருவாகத் தொடங்கின என்று காட்டியது. கட்டி முடிந்துவிட்ட நிலம் என்று டெல்டாவை நினைத்துவிடக் கூடாது. புதிதாகப் படிந்த சேறு தன் பாரத்தாலேயே ஆண்டுக்காண்டு இறுகித் தாழ்கிறது. கடல் ஒரு பக்கம் கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளம் கொண்டுவரும் புது வண்டல் இந்த இரண்டு இழப்பையும் ஈடுசெய்யும் வரைதான் டெல்டா அதே இடத்தில் அதே உயரத்தில் இருக்கும். இப்போது உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் வரை உயர்ந்து வருவதால், ஈடுசெய்ய வேண்டிய கணக்கு முன்னைவிடக் கூடியிருக்கிறது. வரவு மட்டும் நின்றுபோயிருக்கிறது.

வரவு நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நைல் நதியைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அஸ்வான் உயர் அணை 1970-ல் கட்டி முடிக்கப்படுவதற்கு முன், ஆண்டுக்கு 10 கோடி டன்னுக்கும் அதிகமான வண்டல் கீழே வந்துகொண்டிருந்தது. அதில் ஏறத்தாழ முழுவதும் இன்று அணைக்குப் பின்னால் தங்கிவிடுகிறது. நைல் நீர் கடலில் வீணாவதைத் தடுத்த மாபெரும் சாதனை என்று அந்த அணையை உலகமே கொண்டாடியது. அதே காலத்தில் ரோசெட்டா கழிமுகத்தில் கரை கிலோமீட்டர் கணக்கில் கடலுக்குள் போனது. வெள்ளத்தோடு வரும் சத்தை நம்பியிருந்த மத்தி மீன்பிடிப்பு, 1962-ல் சுமார் 18,000 டன்னாக இருந்தது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே சரிந்தது. பிற்காலத்தில் மீன்வளம் ஓரளவு மீண்டதே என்று கேட்பவர்கள் உண்டு. மீண்டது உண்மை. அதை மீட்டவை நகரங்களின் கழிவுநீரும் வயல்களிலிருந்து வழிந்த ரசாயன உரமும் என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். கரைந்துபோன கரையை அந்த உரத்தால் மீட்க முடியவில்லை. யூரியா பயிருக்குத் தழைச்சத்து தரும். நிலத்தை ஓர் அங்குலம்கூட உயர்த்தாது. மிசிசிப்பி கழிமுகத்தில் கரைகளை உயர்த்தி வெள்ளத்தை ஆற்றுக்குள்ளேயே அடைத்தார்கள். மேலே அணைகள் வண்டலைப் பிடித்துக்கொண்டன. எண்ணெய்க் கிணறுகளுக்காக வெட்டிய கால்வாய்களும் சேர்ந்துகொள்ள, லூசியானா மாநிலம் 1932-க்கும் 2016-க்கும் இடையில் ஏறக்குறைய 4,800 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் கடலுக்குப் பறிகொடுத்தது. தஞ்சாவூர் மாவட்டத்தின் முழுப் பரப்பையும் விஞ்சிய இழப்பு இது.

நம் நாட்டு ஆறுகளும் இதற்கு விலக்கல்ல. ஜேம்ஸ் சிவிட்ஸ்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009-ல் உலகின் 33 டெல்டாக்களை ஆராய்ந்தார்கள். கிருஷ்ணா நதியின் வண்டல் வரத்து 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது என்று அதில் கண்டார்கள். அதற்கு முன் 2005-ல் அவர்கள் வெளியிட்ட மற்றொரு கணக்கு இந்த விவாதத்துக்கே அச்சாணி. காடழிப்பாலும் உழவாலும் சுரங்கத்தாலும் மனிதர்கள் ஆறுகளில் சேர்க்கும் மண் ஆண்டுக்கு 230 கோடி டன் கூடியிருக்கிறது. ஆனாலும் கடற்கரையைச் சேரும் மண் 140 கோடி டன் குறைந்திருக்கிறது. மலையிலும் வயலிலும் மண்ணை முன்னைவிட அதிகமாக இழக்கிறோம். அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முன்னைவிடக் குறைவாகப் போகிறது. இரண்டு பக்கமும் நட்டம். இடையில் அத்தனையையும் விழுங்கி நிற்பவை நீர்த்தேக்கங்கள்.

காவிரியில் நடப்பது இதுவே. கிருஷ்ணராஜ சாகர் 1930-களின் தொடக்கத்திலும், மேட்டூர் 1934-லும், பவானிசாகர் 1955-லும் பயன்பாட்டுக்கு வந்தன. ஆடி மாதம் செந்நிறமாக, நுங்கும் நுரையுமாகப் பெருகிவந்த புதுப்புனலைத்தான் நம் முன்னோர் ஆடிப்பெருக்கு என்று கும்பிட்டார்கள். அந்தச் சிவப்பில் இருந்தது மேட்டு நிலத்தின் மண். இன்று அந்த வெள்ளம் அணைக்குள் நுழைந்ததும் வேகம் இழக்கிறது. மணல் முகப்பிலேயே விழுகிறது. வண்டலில் பெரும்பங்கு உள்ளே படிகிறது. உபரி என்று மேலே வழிவது பெரும்பாலும் சுமையை இறக்கிவிட்டு வரும் நீர். சுமை இழந்த வெள்ளத்துக்குத் தன் வலுவையெல்லாம் கீழே உள்ள படுகையையும் கரையையும் அரிப்பதில் செலவிட நேர்கிறது. ஆகவே முக்கொம்புக்கும் கழிமுகத்திலுள்ள பழையாற்றுக்கும் இடையில் நாம் காணும் மணல் பெரும்பகுதி பழைய சேமிப்பு. புதிய வரவு சொற்பம். அந்தச் சேமிப்பையும் நாம் விட்டுவைக்கவில்லை. கரூரிலிருந்து கொள்ளிடம்வரை பல ஆண்டுகள் பொக்லைன் வைத்து அள்ளினோம். படுகை தாழ்ந்த இடங்களில் வாய்க்கால் தலைமதகு மேலேயும் ஆறு கீழேயும் நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் ஓடியும் வாய்க்காலில் ஏற மறுக்கிறது. கழிமுகத்தில் கடல்நீர் முன்பு எட்டாத தொலைவுக்கு உள்ளே ஏறுகிறது. கொள்ளிடத்து மணலுக்குள் ஊறிய நீரை நம்பித்தான் பல மாவட்டங்களின் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இயங்குகின்றன. மணல் போனால் அந்த நீரைப் பிடித்துவைக்க வேறு தொட்டி கிடையாது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. முதுமையே காரணம் என்றனர் சிலர். கீழே மணல் அள்ளியதால் அடித்தளம் பலவீனமானது என்றனர் வேறு சிலர். இரண்டுமே சேர்ந்திருக்கலாம். மணல் குறைந்த ஆற்றில் எந்தக் கட்டுமானத்துக்கும் கால் உறுதியாக இருக்காது என்பதில் மட்டும் ஐயமில்லை.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு நியாயமானது; வலியோடு கேட்கப்படுவது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்காமல் குறுவை பொய்த்துப்போன ஆண்டுகள் எத்தனையோ. கடைமடையில் கருகும் பயிரைப் பார்ப்பவரிடம், கடலுக்கும் நீர் விட வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வறண்ட ஆண்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. நம்முடையவை பருவமழை ஆறுகள். ஓர் ஆண்டில் நகரும் மண்ணின் பெரும்பகுதி சில நாள் பெருவெள்ளத்தில்தான் நகர்கிறது. அந்த நாள்களில் அணைகளும் ஏரிகளும் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அப்போது வரும் வெள்ளம் எந்த உழவரின் பங்கிலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல. பற்றாக்குறை ஆண்டின் துயரத்தைக் காட்டி, பெருவெள்ள ஆண்டின் இயல்பான ஓட்டத்தைக் குற்றமாக்குவதைத்தான் மறுக்கிறேன். கடைமடை உழவரே இதில் முதலில் கவலைப்பட வேண்டியவர். நாகப்பட்டினம் பக்கம் நிலத்தடி நீர் உப்பாவதும், வடிகால்கள் கடலில் வடியாமல் வயலில் தேங்குவதும், நிலம் கடலைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. அந்த உயரத்தைக் கொடுத்தது வண்டல்.

அப்படி என்ன பெரிய அளவு நீர் கடலுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது? காவிரி நடுவர் மன்றம் 2007-ல் அளித்த இறுதித் தீர்ப்பில் பங்கிட்டது 740 டி.எம்.சி. அதில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கு 4. ஆக 14 டி.எம்.சி. நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களின் பங்கைத் திருத்தியது. இந்தப் பதினான்கு அப்படியே இருந்தது. தவிர்க்க முடியாத கசிவு போலத்தான் கடலைச் சேரும் நீரைச் சட்டமும் பார்க்கிறது. மண்ணுக்கு ஒரு வரிகூட ஒதுக்கீடு இல்லை. நான்கு அரசுகள் பல பத்தாண்டுகள் வாதிட்ட ஒரு வழக்கில், அந்த ஆறு சுமந்துவரும் மணலும் வண்டலும் யாருக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பது பங்கீட்டில் இடம்பெறவே இல்லை. கோதாவரியில் வீணாகும் நீரைக் காவிரிக்குக் கொண்டுவருவோம் என்ற திட்டத்திலும் இதே குறை இருக்கிறது. கோதாவரியின் கழிமுகத்திலும் உழவர்களும் மீனவர்களும் வாழ்கிறார்கள். அவர்கள் நிலத்துக்கும் அதே மண் வேண்டும்.

பொறியாளர்கள் சொல்லும் மறுப்பு வேறு. வண்டல் அணையின் பகை, கொள்ளளவைத் தின்கிறது, தூர்வாரினால் தீர்ந்தது என்பார்கள். கொள்ளளவு குறைவது உண்மை. நம் அணைகளின் வயதை அதுதான் தீர்மானிக்கப்போகிறது. ஆகவேதான் வண்டலை உள்ளே தங்கவிடாமல் கீழே அனுப்பும் வழி வேண்டும் என்கிறேன். அணையைக் காப்பதும் டெல்டாவைக் காப்பதும் இங்கே ஒரே வேலை. நம் மரபு இதை அறிந்திருந்தது. பழைய ஏரிகளின் குமிழித் தூம்பில் நீர் போக நீரோடித் துளையும், அடியில் படியும் சேறு போகச் சேறோடித் துளையும் வைத்தார்கள். கோடையில் குளத்து வண்டலையும் கரம்பையையும் வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினார்கள். கல்லணையில் மணல் சேர்ந்து காவிரியின் படுகை மேடிட்டு, நீர் கொள்ளிடத்தின் பக்கம் சாய்ந்தபோது, ஆர்தர் காட்டன் 1830-ஐ ஒட்டி அங்கே மணலை வெளியேற்றும் மதகுகளை அமைத்தார். மண்ணை நகர்த்தாமல் நீரை நிர்வகிக்க முடியாது என்பது அன்று ஆற்றோடு பழகிய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைய தூர்வாருதலிலோ அள்ளிய மண் எங்கே போகிறது என்பதே கேள்வி. வயலுக்குப் போனால் நல்லது. கட்டுமானச் சந்தைக்குப் போனால், டெல்டாவுக்குச் சேர வேண்டியது நிரந்தரமாகப் போய்விட்டது என்றே பொருள்.

கடலரிப்புக்குக் கல் கொட்டலாமே என்பது இன்னொரு பதில். தேசிய கடலோர ஆய்வு மையத்தின் கணக்குப்படி தமிழகக் கடற்கரையில் 40 விழுக்காட்டுக்கும் மேல் அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலைப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர்வரை கரை கரைந்தது. ஒன்றரை நூற்றாண்டாக நம் கண்முன் நடக்கும் பாடம் இது. ஓர் ஊரில் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்குப் போகும். கல் மணலைப் புதிதாக உண்டாக்காது. இருக்கும் மணலை யாருக்கு என்று பங்கு பிரிக்க மட்டுமே செய்யும். துறைமுகங்களுக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் இந்த அரிப்பில் பங்குண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் கரைக்கு மணல் ஊட்டும் ஆற்று வாய்கள் அடைபட்டுக் கிடக்கும்போது, மிச்சமுள்ள மணலுக்கு ஊரோடு ஊர் சண்டையிடும் நிலைதான் வரும்.

மண் எல்லா இடத்திலும் நன்மை செய்வதில்லை என்பதும் சரி. மன்னார் வளைகுடாவின் பவளத்தின் மீது சேறு மூடினால் பவளம் சாகும். மலைச்சரிவில் காடழித்துக் கரைந்துவரும் மண் நீரோடைகளை நாசமாக்கும். இதைச் சொல்லி என் வாதத்தை மறுப்பவர்கள், மண்ணுக்கு இடமும் அளவும் உண்டு என்பதைத்தான் நிறுவுகிறார்கள். பவளத்துக்கு நஞ்சாகும் கலங்கல், கழிமுகத்து இறாலுக்கு வாழ்வு. அதனால்தான் வெள்ளம் வந்த பிறகு கடலோரம் இறாலை எதிர்பார்க்கிறது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் அலையாத்திக் காடுகள் நிற்பது ஆறு கொண்டுவந்த சேற்றில். கடல் உயரும்போது அவற்றின் வேர்கள் உயர, நன்னீரும் புதுச்சேறும் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது முதல் அடியை வாங்கியவற்றுள் அந்தக் காடுகளும் அடக்கம்.

இது நடக்கக்கூடியதா என்றால், நடந்திருக்கிறது. மஞ்சள் நதியில் 1960-ல் சீனா கட்டிய சான்மென்சியா அணை சில ஆண்டுகளிலேயே வண்டலால் நிரம்பத் தொடங்கியது. அடிமதகுகளைத் திறந்து அணையையே மாற்றியமைத்து, கலங்கல் வெள்ளத்தை விட்டுவிட்டுத் தெளிந்த நீரைச் சேமிப்பது என்ற விதிக்கு வந்தார்கள். 2002 முதல் சியாவ்லாங்டி அணையில் திட்டமிட்டே வெள்ளம் விட்டு மண்ணைக் கழிமுகத்துக்குத் தள்ளுகிறார்கள். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011-க்கும் 2014-க்கும் இடையில் இரண்டு அணைகளை அகற்றினார்கள். சிக்கியிருந்த சுமார் 2 கோடி கனமீட்டர் மண்ணில் பெரும்பகுதி கீழே இறங்கியது. அரிக்கப்பட்டுக்கொண்டிருந்த கழிமுகத்தில் புதிய கடற்கரை எழுந்தது. மேட்டூரை இடிக்க யாரும் கேட்கவில்லை. இந்த மாநிலத்தின் சோறு அதில் இருக்கிறது. பெருவெள்ள நாள்களில் வண்டலை அடிமதகு வழியாக எவ்வளவு வெளியேற்றலாம், அணையிலிருந்து அள்ளும் மண்ணை எந்த இடத்தில் ஆற்றுக்கே திருப்பிக் கொடுக்கலாம், புதிய கதவணைகளில் மணல் கடக்க எவ்வளவு திறப்பு வேண்டும் என்பவற்றுக்குப் பொறியியலில் விடை உண்டு. விடை தேடும்படி யாரும் பணிக்கவில்லை என்பதே குறை.

முசிறியில் மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் காவிரியின் நீரோட்டத்தோடு அதில் மிதந்துவரும் வண்டலையும் அளக்கிறது. படுகையில் உருண்டு நகரும் மணலையும் சேர்த்து அளக்க வேண்டும். அணை நீர்மட்டத்தை நாள்தோறும் அறிவிப்பதுபோல அந்த எண்ணையும் அறிவிக்க வேண்டும். காவிரி மேலாண்மை ஆணையத்தின் கூட்டப் பொருள்களில் மண் ஒரு பொருளாக இடம்பெற வேண்டும். கொள்ளிடத்திலும் காவிரியிலும் எஞ்சியிருக்கும் மணலில் இனி ஒரு லாரிகூட வெளியேறக் கூடாது. டெல்டா உழவர் சங்கங்களும் நாகை, மயிலாடுதுறை மாவட்ட மீனவர் பஞ்சாயத்துகளும் இந்தக் கோரிக்கையைத் தனித்தனியே எழுப்பினால் எடுபடாது. ஒரே மனுவாக நீர்வளத் துறையின் மேசைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.